பேணி மாட்டிறைச்சியை முறுகவிடுவது எப்படி: கோர்ன்ட் பீஃப் பிரியர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கோர்ன்ட் பீஃப் பேணியைத் திறக்கப் போகும் ஒருவர் முதலில் மனத்தில் இருத்த வேண்டியது, அதற்குள் இருப்பது ஏற்கெனவே வெந்து முடிந்த இறைச்சி என்பதையே. உப்பும் சிறிது சீனியும் சோடியம் நைட்ரைட்டும் சேர்த்துப் பதப்படுத்தி, வேகவைத்து, தன் கொழுப்போடு சேர்த்து அமுக்கி அடைத்து, பேணியை மூடிய பின் மறுபடியும் கடும் வெப்பத்தில் அவிக்கப்பட்ட ஒன்றை நாம் வீட்டில் புதிதாகச் சமைக்க வேண்டியதில்லை. நமக்கு மிஞ்சியிருக்கும் வேலை அதன் ஈரத்தைப் போக்குவதும், கொழுப்பை உருக்குவதும், உருகிய அந்தக் கொழுப்பிலேயே இறைச்சியின் ஓரங்களை முறுகவிடுவதும்தான். ஆட்டிறைச்சிக் கறியைப் போல நினைத்துத் தண்ணீர் விட்டுக் கொதிக்க வைத்தால் நாரும் கூழுமாக ஒன்று கிடைக்கும். லண்டனுக்கு வந்த முதல் வருடம் முழுவதும் நான் அதைத்தான் தின்றேன்.

அப்போது ஐந்து பேர் ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தோம். இரவு வேலை முடித்து விடிகாலையில் வந்து சேருபவனுக்கு, அலுமாரியில் எப்போதும் இருக்கும், பழுதாகாத, பத்து நிமிடத்தில் சூடாகத் தட்டுக்கு வரும் சாப்பாடு ஒன்று வேண்டும். கத்தோலிக்க வீட்டில் வளர்ந்ததால் மாட்டிறைச்சி எனக்குப் புதிதில்லை. ஆனால் பேணியில் வருவதை எப்படிக் கையாள்வது என்பதை, அதே வீட்டில் இருந்த பிலிப்பைன்ஸ் தாதி ஒருவரும், அடுத்த கதவில் இருந்த ஜமேக்கா மூதாட்டி ஒருவரும், வேலையிடத்தில் பழகிய வட இங்கிலாந்துக்காரர்களும் காட்டிய பிறகே புரிந்துகொண்டேன்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை

கோர்ன் என்றதும் சோளத்தை நினைத்து, பேணிக்குள் சோள முத்துகளைத் தேடியவர்களை நான் அறிவேன். பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல் எந்தத் தானியத்தையும், தானிய மணி அளவிலான எந்தப் பொருளையும் குறித்தது. இங்கே அது குறிப்பது இறைச்சியில் தேய்த்த கல்லுப்பு மணிகளை. போர்வீரர்கள் இதே பொருளை ‘புல்லி பீஃப்’ என்றார்கள். அவித்த இறைச்சியைக் குறிக்கும் ‘புயி’ என்ற பிரெஞ்சுச் சொல்லின் திரிபு அது என்பதே பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். அமெரிக்காவில் கோர்ன்ட் பீஃப் என்று கேட்டால், உப்புநீரில் நாட்கணக்கில் ஊறவைத்து முழுத்துண்டாக அவித்த நெஞ்சுப்பகுதி இறைச்சி வரும். அது வேறு சாப்பாடு. இந்த வழிகாட்டி பேணியில் வருவதற்கு மட்டுமே உரியது.

பேணியைத் தேர்ந்தெடுத்தல்

கடைத்தட்டில் இரண்டு வகை இருக்கும். ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் ஒடுங்கிய, ஏறக்குறைய செங்கல் வடிவப் பேணி பிரித்தானியக் கடைகளில் வழக்கமானது. பெரும்பாலும் 340 கிராம் எடை, பெரும்பாலும் பிரேசிலில் இருந்து வருவது. உள்ளே இருப்பது அமுக்கி இறுக்கிய ஒரே கட்டி. வட்டப் பேணியில் வரும் பிலிப்பைன்ஸ் வகையில் இறைச்சி நார் நாராக உதிர்ந்து, சாறு கூடுதலாக இருக்கும். துண்டு போடவும் பொரிக்கவும் முதலாவது வகை, சோற்றோடு பிசைய இரண்டாவது வகை. ஒன்றை மற்றதன் இடத்தில் வைத்தால் சமையல் கெட்டுவிடாது, ஆனால் பாணுக்குள் வைக்க வட்டப்பேணியை வாங்கியவர் கரண்டியால் அள்ளிப் பூச வேண்டியிருக்கும். ஹலால் முத்திரை இட்ட பேணிகளும் தாராளமாகக் கிடைக்கின்றன.

பக்கத்தில் ஒட்டியிருக்கும் சீட்டில் இரண்டு விடயங்களைப் பாருங்கள். மாட்டிறைச்சி, உப்பு, சீனி, சோடியம் நைட்ரைட் என்ற நான்கோடு பட்டியல் முடிந்தால் நல்லது. மாப்பொருளும் சோயாவும் சேர்ந்த மலிவுப் பேணிகள் சட்டியில் முறுகாமல் பசைபோல ஒட்டிக்கொள்ளும். அடுத்தது உப்பின் அளவு. 100 கிராமுக்கு ஏறத்தாழ 2 கிராம் உப்பு இருப்பது சாதாரணம் என்பதால், ஒரு முழுப் பேணியில் கிட்டத்தட்ட 7 கிராம் இருக்கும். வளர்ந்தவர் ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு உண்ண வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆகவே ஒரு பேணி மூன்று பேருக்கு, குறைந்தது இரண்டு பேருக்கு என்று கணக்கிடுங்கள். கீழே வரும் எந்த முறையிலும் உப்புப் போத்தலைக் கையில் எடுக்க வேண்டாம். 2015ஆம் ஆண்டு சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை பதப்படுத்திய இறைச்சிகளை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குபவை என்ற பிரிவில் சேர்த்த பிறகு, எங்கள் வீட்டில் இது இரண்டு கிழமைக்கு ஒரு பேணி என்று சுருங்கிவிட்டது. ஆசையாகத் தின்னும் பொருளுக்கு அந்த இடைவெளி ருசியைக் கூட்டவே செய்கிறது.

வீங்கிய பேணி, துருப்பிடித்த பேணி, பொருத்துக்கோட்டில் நெளிந்த பேணி மூன்றையும் எடுக்கவே கூடாது. 1964ஆம் ஆண்டு ஸ்கொட்லாந்தின் அபர்டீன் நகரில் நானூறுக்கும் மேற்பட்டோர் நெருப்புக்காய்ச்சலில் விழுந்ததற்கு, ஆர்ஜென்டீனாவில் இருந்து வந்த ஒரு கோர்ன்ட் பீஃப் பேணியே மூலம் என்று கண்டறியப்பட்டது. தொழிற்சாலையில் சூடான பேணிகளைக் குளிரவைக்க, குளோரின் இடாத ஆற்றுநீரைப் பயன்படுத்தியிருந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு துவாரத்தால் அந்த நீர் உள்ளே போயிருந்தது. கடையில் இறைச்சியைச் சீவிய இயந்திரம், அதில் அடுத்தடுத்துச் சீவிய மற்ற இறைச்சிகளுக்கும் கிருமியைப் பரப்பிவிட்டது. இன்று அந்த ஆபத்து வெகு குறைவு என்றாலும், திறந்த பேணி வெட்டிய கத்தியையும் பலகையையும் உடனே கழுவுவது நல்ல பழக்கம்.

திறத்தல்

இதற்குத் தனித்தலைப்பு ஏன் என்று கேட்பவர், சாவி வைத்த பேணியை இன்னும் திறந்து பார்க்காதவர்.

முதல் நாள் இரவே பேணியைத் திறக்காமல் அப்படியே குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். அவசரமென்றால் நான்கு மணித்தியாலமாவது போதும். அறை வெப்பத்தில் கொழுப்பு இளகியிருக்கும், கத்தி பட்டதும் கட்டி நொறுங்கிவிடும். குளிரில் அந்தக் கொழுப்பு இறுகி, இறைச்சி நார்களைச் சாந்துபோலப் பிடித்துக்கொள்ளும்.

ஒடுங்கிச் செல்லும் இந்த வடிவத்துக்கு 1870களில் சிகாகோவில் காப்புரிமை எடுத்தார்கள். அகன்ற பக்கத்தைத் திறந்து கவிழ்த்தால் கட்டி உடையாமல் வழுகி வெளியே வர வேண்டும் என்பதே நோக்கம். பேணியில் ஒட்டியிருக்கும் சிறு சாவியைக் கழற்றி, அகன்ற அடிக்கு அருகே துருத்தி நிற்கும் தகர நாக்கை அதன் துவாரத்துக்குள் நுழையுங்கள். சாவியைப் பேணியோடு நெருக்கி, நேராகப் பிடித்து, மெதுவாகச் சுற்றுங்கள். தகரப்பட்டி சுருள்வில் போல அதில் சுற்றிக்கொண்டே வரும். பாதியில் சாவி சரிந்தால் பட்டி கோணலாகக் கிழிந்து அறுந்துபோகும். அறுந்த இடத்தில் விரலை நுழைத்து இழுக்க நினைக்காதீர்கள். நான் இழுத்தேன், பெருவிரலில் மூன்று தையல், சவர்க்காரம் பட்டால் எரியும் இரண்டு கிழமை. அறுந்துவிட்டால் சாவியை மறந்து, சாதாரணப் பேணிவெட்டியால் அகன்ற பக்கத்தை வெட்டி எடுங்கள். இழுப்பு வளையம் வைத்த பேணிகள் வந்தபிறகு இந்தத் தொல்லை குறைந்துவிட்டது. இருந்தாலும் வெட்டிய விளிம்பு கத்திதான்.

கவிழ்த்தும் கட்டி வெளியே வரவில்லை என்றால் தட்டித் தட்டிப் பேணியை நசுக்க வேண்டாம். ஒடுங்கிய முனையில் ஒரு சிறு துவாரம் இடுங்கள். காற்று உள்ளே போனதும் பெருமூச்சு விட்டதுபோல ஒரு சத்தத்தோடு கட்டி பலகையில் விழும். மேலே வெண்மஞ்சளாகப் படிந்திருக்கும் கொழுப்பைச் சுரண்டி எறியாமல் ஒரு கோப்பையில் எடுத்து வையுங்கள், அது பின்னால் வேண்டும்.

குளிராகவே சாப்பிடுவது

மிகச் சுலபமான முறை இதுதான், பலர் அவசரத்தில் கெடுப்பதும் இதைத்தான். குளிர்ந்த கட்டியை மெல்லிய நீளக் கத்தியால் அரை சென்டிமீற்றர் தடிப்பில் வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைச் சுடுநீரில் நனைத்துத் துடைத்தால் துண்டுகள் கண்ணாடி போல வரும். வெள்ளைப் பாணின் இரண்டு துண்டுகளிலும் ஓரம் வரை பட்டர் பூச வேண்டும். இறைச்சிக்கு மேல் பிரித்தானியர் வைப்பது, காய்கறிகளை வினாகிரியிலும் சீனியிலும் ஊறவைத்த கருஞ்சிவப்பு ஊறுகாய், அல்லது மூக்கில் ஏறும் ஆங்கிலக் கடுகுச்சாந்து. நான் வைப்பது, வட்டமாகச் சீவித் தேசிக்காய்ப்புளியில் பத்து நிமிடம் ஊறிய சின்ன வெங்காயமும் ஒரு பச்சை மிளகாயும். கொழுப்பும் உப்பும் நிறைந்த இந்த இறைச்சிக்கு எதிரில் ஏதாவது ஒரு புளிப்பு நின்றே ஆக வேண்டும். தக்காளிப்பழம் அந்த வேலைக்குப் போதாது, பாணையும் நனைத்துவிடும்.

ஹாஷ்: உருளைக்கிழங்கோடு முறுகல்

இந்தப் பேணியில் இருந்து ஒரே ஒரு சாப்பாடுதான் செய்யலாம் என்று யாராவது கட்டளையிட்டால் நான் கைவைப்பது இதில்தான். ‘ஹாஷ்’ என்பது ‘கொத்துதல்’ என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லில் இருந்து வந்தது. வட இங்கிலாந்தில் பல வீடுகளில் ஹாஷ் என்றால் கிழங்கும் வெங்காயமும் இறைச்சியும் சேர்ந்து குழைந்த ஒரு நீர்ப்பதக் கூட்டு. அமெரிக்கச் சிற்றுண்டிச்சாலைகளில் அது சட்டியில் முறுகவிட்ட அடை. நான் சொல்லப்போவது இரண்டாவதை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானியரின் இறைச்சிப் பங்கீட்டில் ஒரு பகுதி கோர்ன்ட் பீஃபாகவே வந்தது. இறைச்சிப் பங்கீடு 1954 ஜூலையில்தான் முடிந்தது. சிறிது இறைச்சியைக் கிழங்கால் பெருக்கிக் குடும்பத்துக்கே பசியாற்றும் இப்படிப்பட்ட சாப்பாடுகள் அங்கே ஒரு தலைமுறையின் நாக்கில் அப்படித்தான் பதிந்தன.

மூன்று பேருக்கு ஒரு பேணி, அரைக் கிலோ உருளைக்கிழங்கு, ஒரு பெரிய வெங்காயம், மிளகு, இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய், ஆளுக்கொரு முட்டை. மாவுத்தன்மை உள்ள கிழங்கு வேண்டும். பிரித்தானியாவில் என்றால் மாரிஸ் பைப்பர்.

1. கிழங்கைத் தோல் சீவி, ஒன்றரை சென்டிமீற்றர் சதுரங்களாக வெட்டி, உப்பில்லாத நீரில் ஏழெட்டு நிமிடம் அவியுங்கள். ஊசி இறங்க வேண்டும், உடையக் கூடாது. வடித்த பிறகு வெறும் பாத்திரத்தில் திறந்தபடி ஐந்து நிமிடம் விட்டால் ஆவி பறந்து, ஓரங்கள் வெண்மையாக உலர்ந்துவிடும். இந்த ஐந்து நிமிடத்தைத் தவிர்ப்பவருக்கு முறுகல் கிடைக்காது.

2. அடி கனத்த அகன்ற சட்டியில், எடுத்து வைத்த கொழுப்பைப் போட்டு உருக்கி, வெங்காயத்தை மெல்லிய நெருப்பில் பத்து நிமிடம் பொன்னிறமாக வதக்கி, தனியாக எடுத்துவிடுங்கள். வெங்காயம் கடைசிவரை சட்டியிலேயே கிடந்தால் கிழங்கு சிவக்கும் முன் அது கருகிக் கசக்கும்.

3. எண்ணெயை விட்டு, நெருப்பைக் கொஞ்சம் கூட்டி, கிழங்கை ஒரே அடுக்காகப் பரப்பி, இரண்டு பக்கமாவது சிவக்கும் வரை பொரியுங்கள்.

4. குளிர்ந்த இறைச்சியைக் கிழங்கின் அளவுக்கே சதுரமாக வெட்டி, வெங்காயத்தோடும் மிளகோடும் சேர்த்துப் போட்டு, ஒரே ஒரு தடவை பிரட்டி, தட்டகப்பையால் சட்டி முழுவதும் நன்றாக அமுக்குங்கள்.

5. இனி ஆறு நிமிடம் தொடாதீர்கள்.

ஐந்தாவது படியில்தான் எல்லாம் இருக்கிறது. கையில் அகப்பை இருந்தால் கிளறத் தோன்றும். அம்மாவின் அடுப்படியில் நின்று, அடிப்பிடிக்கும் அடிப்பிடிக்கும் என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு இன்னும் கூடுதலாகத் தோன்றும். இங்கே அடிப்பிடிக்கத்தான் வேண்டும். ஈரம் இருக்கும்வரை சட்டியின் அடி நூறு பாகைக்கு மேல் பெரிதாக ஏறாது, இறைச்சியும் நிறம் மாறாது. ஈரம் போன பிறகே வெப்பம் நூற்று நாற்பது, நூற்றைம்பது என்று ஏறி, புரதமும் சீனியும் சேர்ந்து சிவக்கத் தொடங்கும். ஒவ்வொரு முறை கிளறும்போதும் ஈரமான மேற்பகுதியை அடிக்கு அனுப்பி, அந்தக் கணக்கை முதலில் இருந்து தொடக்கிவிடுகிறீர்கள். கண்ணால் பார்க்க முடியாது, ஆகவே காதைக் கொடுங்கள். அமுக்கிய உடன் மழை பெய்வதுபோல அடர்ந்து சீறும். மூன்று நிமிடத்தில் அந்தச் சீற்றம் தளர்ந்து, இடையிடையே பொரி வெடிப்பதுபோல டிக், டிக் என்று கேட்கும். ஓரங்களில் உருகிய கொழுப்பு தெளிந்து சிறுகுமிழாக நுரைக்கும். அப்போது ஒரு மூலையைத் தூக்கிப் பாருங்கள். பழுத்த செம்பழுப்பில், தோசையின் முறுகலைப்போல ஒரு தகடாக எழும்பினால் சரி. வெளிறிப் பிய்ந்தால் இன்னும் இரண்டு நிமிடம் விடுங்கள்.

முழு அடையாகத் திருப்பிப் போட முயன்று அடுப்பைச் சுற்றிக் கொட்டிவிட வேண்டாம். நாலைந்து துண்டுகளாகத் திருப்பி, மறுபடி அமுக்கி, இன்னும் ஐந்து நிமிடம் விட்டால் போதும். பிறகு மேலே குழிகள் செய்து முட்டைகளை உடைத்து ஊற்றி, மூடியால் மூடி, வெள்ளை இறுகி மஞ்சள் இளகியிருக்கும்போது இறக்குங்கள். பக்கத்தில் வினாகிரியில் ஊறிய பீட்ரூட், அல்லது புளிப்பும் இனிப்புமான பிரவுண் சோஸ். சண்டர்லாந்து பக்கத்தில் இதே பொருட்களோடு கரட்டும் சேர்த்து, அடுக்கடுக்காக வைத்து, மெதுவாக அவணில் வேகவிடும் ‘பனாக்கெல்ட்டி’ என்ற சாப்பாடு ஒன்று உண்டு. அங்கே நீர் சேர்கிறதே, முன்பு சொன்னதற்கு மாறாக இருக்கிறதே என்றால், அந்த நீரைக் கிழங்கு குடித்துவிடுகிறது. கூழாவதற்கு அது இறைச்சிக்கு மிஞ்சுவதில்லை.

எங்கள் பிரட்டல்

புட்டு அவித்து வைத்துவிட்டுக் கறி இல்லாமல் விழிக்கும் இரவுகளுக்கான முறை இது. ரின்மீனுக்கு நாம் செய்வதையே இதற்கும் செய்தால் சரிவராது. ரின்மீன் தேங்காய்ப்பாலையும் புளியையும் தாங்கும், இது குழம்பில் கரைந்துவிடும். ஆகவே குழம்பு இல்லாமல், வரட்டலாக.

தாச்சியில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, அரைத் தேக்கரண்டி கடுகும் அதே அளவு பெருஞ்சீரகமும் வெடித்ததும், மூன்று செத்தல் மிளகாய், ஒரு நெட்டு கறிவேப்பிலை, நாலு பல்லு உள்ளி, இரண்டு வெங்காயம், இரண்டு பச்சை மிளகாய் என்ற வரிசையில் சேருங்கள். வெங்காயம் பொன்னிறமாகி எண்ணெய் பிரிந்த பிறகே ஒரு தேக்கரண்டி யாழ்ப்பாணக் கறித்தூளைத் தூவி, அரை நிமிடம் மட்டும் பிரட்ட வேண்டும். கறித்தூளை இறைச்சிக்குப் பிறகு போட்டால் பச்சை வாசம் போகாது, ஏனெனில் இறைச்சி சட்டியில் இருக்கப்போவது சில நிமிடங்களே. இப்போது இறைச்சியைப் பெரிய கட்டிகளாக உதிர்த்துப் போட்டு, பரப்பி, முன்பு சொன்ன அதே அமைதியோடு நாலு நிமிடம் விட்டு, ஒருமுறை புரட்டி, இன்னும் நாலு நிமிடம் விடுங்கள். கறிவேப்பிலை கண்ணாடி போலாகி, இறைச்சியின் ஒரு பாதி மென்மையாகவும் மறுபாதி மொறுமொறுப்பாகவும் இருக்கும் நிலையில் நெருப்பை அணைத்து, பாதித் தேசிக்காயைப் பிழியுங்கள். தேசிக்காய்ப்புளியை நெருப்பின்மேல் பிழிந்தால் கசந்துவிடும்.

புட்டின் மேல் இதைக் கொட்டிப் பிசையும்போது, உருகிய கொழுப்பைப் புட்டின் மா குடித்துக்கொள்ளும். தனியாகச் சொதியோ சம்பலோ தேவைப்படாது. பாணோடும் நல்லது. வெள்ளைச் சோற்றுக்கு மட்டும் இது கொஞ்சம் உலர்வு, பருப்பு ஒன்று பக்கத்தில் வேண்டும். இந்தப் பிரட்டலில் கொஞ்சம் மிஞ்சினால் மசித்த கிழங்கோடு பிசைந்து, உருண்டை பிடித்து, முட்டையில் தோய்த்து, ரஸ்க் தூளில் புரட்டிப் பொரித்தால் கட்லட். மீன் கட்லட்டுக்குப் பழகிய விருந்தினர் இரண்டாவது கடியில்தான் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கிறார்கள்.

பிலிப்பைன்ஸ் காலைச் சாப்பாடு

‘கோர்ன்சிலொக்’ என்பது மூன்று சொற்களை ஒட்டிய பெயர்: கோர்ன்ட் பீஃப், உள்ளிச் சோறான சினாங்காக், முட்டையான இட்லொக். முதல்நாள் சோறு கட்டாயம். புதுச்சோறு ஒட்டிக்கொள்ளும், ஓரிரவு குளிரில் இருந்த சோறு மணிமணியாக உதிரும். ஆறேழு பல்லு உள்ளியைச் சிறிதாகக் கொத்தி, மெல்லிய நெருப்பில் எண்ணெயில் பொன்னிறமாக்கி, பாதியை எடுத்து வைத்துவிட்டு, மீதியோடு சோற்றைப் போட்டுக் கிளறுங்கள். வேறு சட்டியில் வெங்காயத்தை வதக்கி, பேணி இறைச்சியை அதன் சாறோடு போட்டு, சாறு வற்றும் வரை விட்டு, எடுத்து வைத்த உள்ளியை மேலே தூவுங்கள். முட்டை ஓரம் முறுகப் பொரிக்கப்பட வேண்டும். பக்கத்தில் சிறு கிண்ணத்தில் வினாகிரி, அதில் நசுக்கிய உள்ளியும் மிளகாயும். எங்கள் வீட்டுத் தாதி இதை இரவு வேலை முடித்து வந்து காலை எட்டு மணிக்குச் செய்வார். உள்ளி வாசம் மாடிப்படி ஏறி வந்ததும் நாங்கள் நால்வரும் அவர் அழைக்காமலே கீழே இறங்கிவிடுவோம்.

கோவாவோடும் தேங்காய்ப்பாலோடும்

பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் அயர்லாந்தின் கோர்க் துறைமுகத்தில் இருந்து பீப்பாய்களில் உப்பிட்ட மாட்டிறைச்சி கரிபியன் தோட்டங்களுக்குப் போனது. பீப்பாயின் இடத்தைப் பின்னாளில் பேணி எடுத்துக்கொண்டது. பேணிக்குப் பேர்போன ஊர் உருகுவேயின் பிரே பெந்தோஸ்: இறைச்சிச் சாறு எடுப்பதற்காக ஆற்றங்கரையில் எழுந்த தொழிற்சாலை 1873இல் கோர்ன்ட் பீஃப் அடைக்கத் தொடங்கி, 1979இல் மூடப்பட்டு, 2015இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமானது.

ஜமேக்கா முறையில் வெங்காயம், குடைமிளகாய், தைம் இலை, ஸ்கொட்ச் பொனெட் மிளகாய் ஆகியவற்றை வதக்கி, இறைச்சியை முறுகவிட்டு, மெல்லியதாக அரிந்த கோவாவைக் கடைசியில் சேர்த்து மூடி, ஐந்து நிமிடத்தில் இறக்குவார்கள். தண்ணீர் விட வேண்டாம், கோவாவே விடும். மிளகாயை முழுதாகப் போட்டு முழுதாக எடுத்துவிட வேண்டும். அது சட்டிக்குள் உடைந்தால் அன்றைய சாப்பாடு தண்டனைதான். அடுத்த கதவு மூதாட்டி இதைச் சோற்றோடு தருவார், ஞாயிறென்றால் பொரித்த மா உருண்டைகளோடு.

பசிபிக் தீவுகளில் இந்தப் பேணிக்கு இருக்கும் மதிப்பு வேறெங்கும் இல்லை. கலியாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் பெட்டி பெட்டியாகக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். சமோவாவில் இதன் பெயர் ‘பீசுப்போ’. முதலில் அங்கே வந்த பேணிகளில் இருந்தது பட்டாணி சூப் என்பதால், அந்த ஆங்கிலப் பெயரே திரிந்து பேணி இறைச்சிக்கு நிலைத்துவிட்டது. தொங்காவின் ‘லூ புலு’வில் இறைச்சியையும் வெங்காயத்தையும் தேங்காய்ப்பாலையும் சேம்பு இலையில் பொதிந்து மண் அடுப்பில் சுடுகிறார்கள். வீட்டில் செய்ய, சேம்பு இலை கிடைத்தால் நன்றாக, ஒரு மணித்தியாலத்துக்குக் குறையாமல் வேக வேண்டும், இல்லாவிட்டால் தொண்டை அரிக்கும். கிடைக்காதவர்கள் கீரையால் சமாளிக்கலாம். நாலு பெரிய இலைக்கு அரைப் பேணி இறைச்சி, அரை வெங்காயம், நாலு மேசைக்கரண்டி தடித்த தேங்காய்ப்பால். பொதியை அலுமினியத் தாளில் இறுகச் சுற்றி, 180 பாகை அவணில் ஒன்றேகால் மணித்தியாலம். இங்கே முறுகல் எதுவும் இல்லை. இலை அந்த நீரையும் கொழுப்பையும் முழுதாகத் தனக்குள் வாங்கிக்கொள்வதால், என் விதிக்கு நான் மனமார ஒப்புக்கொள்ளும் விலக்கு இது.

மிஞ்சியதை வைத்திருத்தல்

திறந்த பேணிக்குள்ளேயே இறைச்சியை வைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் தள்ளாதீர்கள். வெட்டிய தகரத்தின் சுவை அதில் ஏறும், கட்டியின் மேற்புறமும் காய்ந்து கறுக்கும். மூடியுள்ள பெட்டிக்கு மாற்றி, இரண்டு நாளுக்குள் முடித்துவிடுங்கள். உறைய வைத்தால் கட்டி உருகும்போது உதிர்ந்துபோகும் என்பதால் பாணுக்கு உதவாது, பிரட்டலுக்கு உதவும். சமைத்து மிஞ்சிய ஹாஷ் இருந்தால், அதை நுண்ணலை அடுப்பில் சூடாக்கி முறுகலைக் கொன்றுவிட வேண்டாம். காலையில் எண்ணெய் விடாத சட்டியில், மெல்லிய நெருப்பில், மறுபடியும் அமுக்கி விட்டுவிட்டு, அது சீறி அடங்கும் நேரத்துக்குள் தேநீரை ஊற்றிக்கொள்ளுங்கள்.